அப்பாவோடு ஆபிரிக்கக் காடு பார்க்கப் போவது: குரூகரா, சோபேயா?

ஒட்டுசுட்டான் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம், முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே வயல். அண்ணா வெளிநாட்டில் இருக்கிறார். வருகிற ஓகஸ்ட்டில் வேலை அலுவலாக ஜோகன்னஸ்பேர்க் வருகிறாராம், அது முடிந்ததும் பத்து நாள் லீவு எடுத்து அப்பாவையும் என்னையும் அங்கே கூப்பிட்டு சஃபாரி காட்ட வேண்டும் என்று நிற்கிறார். செலவு முழுக்க அவருடையது. இந்த முறை எங்கள் துண்டுக்குச் சிறுபோகத் தண்ணீர் இல்லை, அதனால் ஆவணியில் வயல் வேலையும் இல்லை.

சிக்கல் அப்பாதான். வயது 69, ஒரு முழங்கால் சரியில்லை, மற்றப்படி திடமான ஆள். "யானை பார்க்கக் காசு குடுத்துக் கடல் தாண்டிப் போகோணுமோ, தை மாதம் எங்கட வயலுக்கு வரச் சொல்லு, சும்மா காட்டுறன்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மீளக் குடியேறி வந்த நாளில் இருந்து, கதிர் முற்றுகிற காலம் முழுக்க அவர் இரவில் படுப்பது காவல் கொட்டிலில்தான். போன தையில் மூன்று யானை வந்து, வெட்டுவதற்கு ஒரு கிழமை இருந்த நெல்லில் அரை ஏக்கரை மிதித்துவிட்டுப் போயின, வரம்போரம் நின்ற தென்னம்பிள்ளைகளைக் குருத்தோடு இழுத்துப் போட்டிருந்தன. கிளை முறிகிற சத்தத்தை வைத்தே எத்தனை யானை, எந்தப் பக்கத்தால் வருகிறது என்று அப்பா சொல்லுவார். ஆனால் யோசித்துப் பார்த்தால், இத்தனை வருடத்தில் அவர் யானையைப் பார்த்ததெல்லாம் இருட்டில், டோர்ச் வெளிச்சத்துக்குள், மற்றக் கையில் யானைவெடியோடு. பகலில், பயமில்லாமல், அது தன் பாட்டில் நின்று தின்பதை ஒரு நாளும் இருந்து பார்த்ததில்லை. அதை ஒருமுறை காட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அண்ணா தென்னாபிரிக்காவில் குரூகர் வனவிலங்குப் பூங்கா என்கிறார், அவருடைய சிநேகிதர் ஒருவர் போட்ஸ்வானாவில் சோபே நல்லது என்கிறாராம். எது சரி? வாகனத்தை அண்ணாவே ஓட்டலாமா, இல்லை ஆள் பிடிக்க வேண்டுமா? மலேரியா, குளிர் இதெல்லாம் எப்படி? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வவுனியா வாசன்:

தங்கச்சி, நான் 2019 ஜூலையில் குடும்பத்தோடு குரூகர் போனேன், ஆறு நாள், நானேதான் ஓட்டினேன். அங்கேயும் எங்களைப் போல இடப்பக்கம்தான் ஓடுவார்கள், பூங்காவுக்குள் பிரதான பாதையெல்லாம் தார் றோட்டு, சாதாரணக் கார் காணும். அண்ணா சர்வதேச சாரதி அனுமதிப் பத்திரத்தைக் கையில் வைத்திருக்கட்டும். ஜோகன்னஸ்பேர்க்கில் இருந்து ஐந்தாறு மணித்தியால ஓட்டம்.

மாதம் உங்களுக்குத் தானாகவே சரியாக அமைந்திருக்கிறது. அங்கே மே தொடங்கி செப்டெம்பர் வரை மழை இல்லை, புல் காய்ந்து படுத்துவிடும், பற்றைகள் இலை கொட்டி நிற்கும், சின்னக் குட்டைகள் வற்றி மிருகமெல்லாம் மிச்சமிருக்கிற ஆற்றுக்கும் குளத்துக்கும் வந்துதான் ஆக வேண்டும். இது எங்களுக்குப் புதிதா? ஆவணியில் சின்னக் குளங்கள் வெடித்துப் போனால் யானை எங்கே நிற்கும் என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள், அவர் சொல்லுகிற அதே கணக்குத்தான் அங்கேயும்.

இது எனக்கு முதலே தெரிந்தும் இரண்டு நாளை வீணாக்கினேன். அந்தப் பூங்கா எங்கள் வடமாகாணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல், கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீற்றர். எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு நாளைக்கு 200 கிலோமீற்றர் ஓடினேன். தார் றோட்டில் 50, கிரவல் றோட்டில் 40க்கு மேல் போக முடியாது, அதனால் முழு நாளும் ஸ்ரியரிங்கோடு போய், பின்னால் இருந்த பிள்ளைகள் நித்திரை. மூன்றாம் நாள் லோவர் சாபி என்கிற தங்கும் முகாமுக்குப் பக்கத்தில் சன்செற் டாம் என்கிற குளத்தடியில் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு விடியக் காலையில் இருந்து நாலு மணித்தியாலம் இருந்தோம். றோட்டுக்கும் தண்ணீருக்கும் சில அடிதான். முதலை, நீர்யானை, இம்பாலா மான் எல்லாம் வந்து போயின, பிறகு யானைக் கூட்டம் ஒன்று. அதில் ஒரு குட்டிக்குத் தும்பிக்கையால் தண்ணீர் எடுக்கத் தெரியவில்லை. அதைத் தண்ணீருக்குள் விட்டு அங்கும் இங்கும் ஆட்டிப் பார்த்தது, சரிவரவில்லை, கடைசியில் முன்னங்காலை மடித்துக் குனிந்து வாயாலேயே குடித்தது. தாய் பக்கத்தில் அசையாமல் நின்றது. என் மாமியார் ஒரு சொல்லும் கதைக்கவில்லை, மனிசி வாயை மூடாமல் கதைக்கிற ஆள்.

அதனால் என் ஆலோசனை: லோவர் சாபியில் மூன்று இரவு, சற்றாரா என்கிற முகாமில் இரண்டு இரவு, அவ்வளவுதான். சற்றாராப் பக்கம் புல்வெளி, சிங்கம் தேடுகிறவர்கள் அங்கேதான் போவார்கள். ஓகஸ்ட்டில் கேற் காலை 6 மணிக்குத் திறந்து பின்னேரம் 6 மணிக்குப் பூட்டும், பிந்தினால் தண்டம் கட்ட வேண்டும். குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. முகாமில் இருப்பது கூரை வேய்ந்த வட்ட வீடுகள், சமைக்கவும் வசதி உண்டு. நல்ல வீடுகள் பல மாதத்துக்கு முன்பே முடிந்துவிடும், இப்பவே பதியச் சொல்லுங்கள்.

யானை றோட்டில் நின்றால் கோர்ன் அடிக்க வேண்டாம், குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் கார் போகக் கூடாது, ஆறுதலாகப் பின்னால் எடுங்கள். கன்னத்தில் மதநீர் வழிகிற ஆண் யானை என்றால் அப்பாவே முதலில் கண்டுபிடித்துச் சொல்லுவார்.

ஓய்வு ஆசிரியர், நெளுக்குளம்:

பிள்ளை, நான் 1979 முதல் 1986 வரை சாம்பியாவில் கணிதம் படிப்பித்தவன். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பலர் அங்கே படிப்பிக்கப் போனார்கள். விடுமுறையில் லுவாங்வா பள்ளத்தாக்குக்குப் போவோம். துவக்கோடு ஒரு காவலர் முன்னால் நடக்க, நாங்கள் வரிசையாகப் பின்னால் நடந்தே காடு பார்ப்போம். 1981இல் ஒரு விடியக் காலை, கறுப்புக் காண்டாமிருகம் ஒன்று முள்ளுப் பற்றையை மென்றுகொண்டு நின்றதைக் கண்டேன். முள்ளு நொறுங்குகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது, அவ்வளவு கிட்ட. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கில் நின்ற மிருகம் அது. கொம்புக்காகச் சுட்டுச் சுட்டு, 1998இல் சாம்பியாவில் ஒன்றுமே இல்லை என்று அறிவித்தார்கள். 2003இல்தான் வேறு நாட்டில் இருந்து கொண்டுவந்து வடக்கு லுவாங்வாவில் திரும்ப விட்டார்கள். நான் பார்த்தது போய்க்கொண்டிருந்த கூட்டத்தில் ஒன்று என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன்.

உங்கள் அப்பாவின் முழங்காலை நினைத்தால் நான் சோபே என்றுதான் சொல்லுவேன். 2014இல் மகனோடு போனேன். கசானே ஊரில் இருந்து பின்னேரம் படகில் ஏற்றுவார்கள், மூன்று மணித்தியாலம், குலுக்கல் இல்லை, கதிரையில் இருந்தபடி பார்க்கலாம். ஆற்றுக்கு நடுவில் செடுடு என்று ஒரு புல்தீவு. அந்தத் தீவு யாருக்கு என்று போட்ஸ்வானாவும் நமீபியாவும் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999இல் போட்ஸ்வானாவுக்குத் தீர்ப்பானது. யானைகள் தும்பிக்கையை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு அந்தத் தீவுக்கு நீந்திப் போகும், குட்டியை நடுவில் விட்டு. ஒரே பின்னேரத்தில் நூறுக்கு மேல் எண்ணினேன். போட்ஸ்வானாவில் மட்டும் ஏறத்தாழ 130,000 யானை. எங்கள் நாடு முழுவதும் 2011 கணக்கெடுப்பில் 5,879.

இன்னொன்று, இது அப்பாவுக்குப் பிடிக்கும். சோபேக்கு வேலி இல்லை, யானை ஊருக்குள்ளும் வரும், தோட்டக்காரர் எங்களைப் போலவே இரவிரவாக முழித்திருக்கிறார்கள். அவர்கள் யானைச் சாணத்தில் மிளகாய்த்தூளைக் குழைத்துக் கட்டியாகக் காயவைத்து, தோட்ட மூலைகளில் மூட்டிப் புகைய விடுகிறார்கள். அந்தக் காரப் புகைக்கு யானை விலகிப் போகும். காற்று மாறினால் பலனில்லை என்று ஒரு தோட்டக்காரரே சொன்னார். அப்படி ஒரு ஆளோடு உங்கள் அப்பா அரை மணித்தியாலம் இருந்து கதைத்தால், சஃபாரியை விட அது பெரிய விசயம்.

ஒட்டுசுட்டான் மகள்:

வாசன் அண்ணா, சேர், இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். குட்டி மண்டியிட்டுக் குடித்த இடத்தில் "ஓம், சின்னனுக்கு அது வராது" என்றார், பிறகு எழும்பிப் போய்விட்டார். மிளகாய்ப் புகையைப் பற்றி மட்டும் இரவு சாப்பிடும்போது திரும்பக் கேட்டார், எவ்வளவு தூளுக்கு எவ்வளவு சாணம் என்று. எங்கள் பக்கம் நிற்கிற யானைக்கும் அங்கத்தைய யானைக்கும் என்ன வித்தியாசம் என்றும் கேட்டார்.

முகமாலை நிலா:

அக்கா, அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள். அங்கே பெண் யானைக்கும் தந்தம் உண்டு. எங்கள் நாட்டில் பெண்ணுக்கு வெளியே தெரிகிற தந்தம் இல்லை, ஆணிலும் நூற்றில் ஒரு சிலவற்றுக்குத்தான். காது பெரிது, முதுகு நடுவில் பள்ளம், தும்பிக்கை நுனியில் எங்களுடையதற்கு ஒரு விரல், அதற்கு இரண்டு.

நான் கண்ணிவெடி அகற்றுகிற வேலையில் இருக்கிறேன். மொசாம்பிக் 2015இல் கண்ணிவெடி இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டபோது அந்த நாட்டைப் பற்றித் தேடி வாசித்தேன், அப்படித்தான் கொரொங்கோசா பூங்காவைத் தெரியும். அங்கே 1977இல் இருந்து 1992 வரை உள்நாட்டுப் போர். சண்டை பிடித்த இரண்டு பக்கமும் தந்தத்துக்காகவும் இறைச்சிக்காகவும் யானையைச் சுட்டார்கள், பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தது. தந்தம் உள்ளவை சாக, பிறப்பிலேயே தந்தம் இல்லாத பெண் யானைகள் தப்பின. போருக்கு முன் பெண்களில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்த தந்தமில்லாதவை, போருக்குப் பின் பாதி. அது மரபணு வழியாக மகளுக்கும் இறங்கியிருக்கிறது, 2021இல் ஆய்வாக வெளிவந்தது. போர் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் பிறக்கிற குட்டியின் முகத்தில் அது தெரிகிறது என்று வாசித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. இப்போது அந்தப் பூங்காவில் மிருகம் திரும்பப் பெருகியிருக்கிறது. முதல் பயணத்துக்கு அங்கே போகச் சொல்லவில்லை, ஆனால் அப்பா மாதிரி ஒருவருக்கு இந்தக் கதை விளங்கும்.

கிளிநொச்சித் தாதி:

மலேரியா பற்றி ஒருவரும் வடிவாகச் சொல்லவில்லை. குரூகர், சோபே இரண்டும் மலேரியா உள்ள இடம், ஓகஸ்ட்டில் குறைவு, ஆனால் இல்லை என்று இல்லை. எங்கள் நாடு மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்று தந்தது, அதைக் காப்பாற்றுவதற்காக வெளியே போகிறவர்களுக்கு மலேரியா தடை இயக்கம் தடுப்பு மாத்திரையை இலவசமாகவே தருகிறது. பயணத்துக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன் போங்கள், அப்பா போடுகிற மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். 90களில் வன்னியில் மலேரியா காய்ச்சலில் படுத்த ஆட்கள் "எனக்குத் தெரியும், குளோரோகுயின் மாத்திரை காணும்" என்பார்கள். அங்கே உள்ள வகைக்கு அது கேட்காது. திரும்பி வந்து காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் உடனே இரத்தம் சோதிக்க வேண்டும், எங்கே போய் வந்தீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

விமானம் டுபாய், டோஹா வழி என்றால் பிரச்சினை இல்லை. நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போய் அங்கே 12 மணித்தியாலத்துக்கு மேல் தங்கினால் மஞ்சட் காய்ச்சல் ஊசி அட்டை கேட்பார்கள், அந்த ஊசி போட்டுப் பத்து நாள் ஆக வேண்டும். மலிவு ரிக்கெற் என்று அண்ணா அவசரப்படாமல் இதைப் பார்க்கட்டும். உங்கள் இருவருக்கும் தென்னாபிரிக்க விசா வேண்டும், சோபேயும் என்றால் போட்ஸ்வானாவுக்கு வேறாக.

ஒட்டுசுட்டான் மகள்:

அண்ணாவோடு கதைத்தேன். இரண்டு விசா, இரண்டு பயணம் என்றால் அப்பா களைத்துப் போவார், அதனால் இந்த முறை குரூகர் மட்டும், லோவர் சாபியில் நாலு இரவு, சற்றாராவில் இரண்டு. சேர், சோபேயை நான் மறக்கவில்லை. அப்பா வரச் சம்மதம். ஸ்வெற்றர் ஒன்று வாங்க வேண்டும் என்கிறார், அங்கே விடியக் காலைக் குளிர் எப்படி? இன்னும் இரண்டு கேள்வி தந்திருக்கிறார்: காரை விட்டு இறங்க ஏலாது என்றால் வெளியில் எங்கேயாவது இருக்க விடுவார்களா, தன்னுடைய டோர்ச்சைக் கொண்டு வரலாமா.

வவுனியா வாசன்:

குளிர் காலையில் 10 பாகை அளவுக்கு இறங்கும், திறந்த வாகனத்தில் போனால் காது விறைக்கும், ஸ்வெற்றரோடு தொப்பியும் வாங்குங்கள். மத்தியானம் சேட்டோடு இருக்கலாம். லோவர் சாபி முகாமுக்குள் ஆற்றைப் பார்த்தபடி இருக்க இடம் இருக்கிறது, தேத்தண்ணியோடு எவ்வளவு நேரமும் இருக்கலாம், எதிரில் யானை வந்து தண்ணீர் குடிக்கும். டோர்ச்சைக் கட்டாயம் கொண்டு வரச் சொல்லுங்கள். இரவில் முகாமைச் சுற்றி வேலிக்கு வெளியே கழுதைப்புலி நடக்கும், வேலியோரமாக நின்று மெதுவாக அடித்துப் பார்த்தால் கண் தெரியும்.