எட்டுச் சக்கர நீர்-நில வண்டி தானாக வலப்பக்கம் இழுக்கிறது, இடது லீவரில் பிடிப்பே இல்லை

சேற்றுத்தடம்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது தண்ணீரிலும் தரையிலும் ஓடும் பழைய எட்டுச் சக்கர வண்டி. ஸ்டியரிங் வீல் கிடையாது, இரண்டு லீவர்தான். டிஃபரென்ஷியல் கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். எந்தப் பக்க லீவரைப் பிடிக்கிறோமோ அந்தப் பக்கச் சக்கரங்களுக்கு பிரேக் விழுந்து, வண்டி அந்தப் பக்கம் திரும்பும்.

காலையில் எடுக்கும்போது ஒழுங்காக இருக்கிறது. அரை மணி நேரம் சேற்றில் ஓட்டியதும் நான் எதையும் தொடாமலே வலப்பக்கம் இழுக்க ஆரம்பிக்கிறது, வலது லீவர் கல் மாதிரி இறுகிவிடுகிறது, இன்ஜினும் திணறுகிறது. இடது லீவர் இதற்கு நேர்மாறு: கைப்பிடி வரை வந்துவிடும், இரண்டு மூன்று முறை அடித்தால்தான் பிடிக்கும். நேற்று ஏரியில் இடப்பக்கம் திருப்பவே முடியாமல் நாணலுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டேன், நிஜமாகவே பயந்துவிட்டேன். லீவரைப் பிடித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரை இரண்டு பக்கமும் புதிதாக வாங்கிவிடலாமா?

பழைய மெக்கானிக்:
எதையும் வாங்காதீர்கள், பொறுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு வேறு கோளாறு, ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் வலப்பக்கம். அடுத்த முறை இறுகும்போது இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, வண்டி உருளாதபடி கட்டை வைத்து, வலப்பக்கச் சக்கரங்கள் தரையில் படாதபடி தூக்கி நிறுத்துங்கள். கையால் சுற்றிப் பாருங்கள், கனமாக இருக்கும். இப்போது வலது காலிப்பரில் (பேடால் டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) உள்ள பிளீடர் நிப்பிளில் (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் திருகு) ஒரு டியூப் மாட்டி கால் சுற்று மட்டும் திறங்கள். ஆயில் சுடும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆயில் பீய்ச்சி அடித்துச் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், காலிப்பர் மேல் குற்றமில்லை. திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் காலிப்பர் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் கம்பியோ (பின்) துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

அழுத்தம் மாட்டிக்கொள்ள பெரும்பாலும் காரணம் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ஒரு துளை. ஊசி முனை அளவுதான் இருக்கும். லீவரை விட்டதும் ஆயில் அது வழியாகத்தான் மேலே இருக்கும் ஆயில் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். லீவருக்குக் கொஞ்சமும் ஆட்டம் இல்லாவிட்டால் பிஸ்டன் முழுவதும் பின்னால் வராது, துளை மூடியே இருக்கும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக வழியில்லாமல் பேடைத் தள்ளும், பேட் உரசும், இன்னும் சூடாகும். காலையில் ஆறியதும் சரியாகிவிடுவது அதனால்தான். ஒன்று கேட்கிறேன், சமீபத்தில் வலது லீவரில் கை வைத்தீர்களா?

சேற்றுத்தடம்:
ஆமாம் சார். போன மாதம் லீவர் லொடலொட என்று ஆடுகிறதே என்று லீவரையும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனையும் இணைக்கும் புஷ் ராடை இறுக்கினேன்!

கரைதாண்டி:
சரி, அதேதான். ஆனாலும் ஹோஸையும் பார்த்துவிடுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் உப்பி ஒருவழிக் கதவு மாதிரி ஆகிவிடும், ஆயில் போகும், திரும்பாது. பிளீடருக்குப் பதில் மாஸ்டர் சிலிண்டர் பக்கத்து இணைப்பைத் தளர்த்திப் பாருங்கள். அங்கே தளர்த்தி விடுபடாமல், பிளீடரில் திறந்தால் மட்டும் விடுபட்டால் ஹோஸ்தான்.

இடப்பக்கம் காற்றுதான், அடித்தால் ஏறுவதே அதற்கு அடையாளம். இந்த வகை வண்டியில் காற்று காலிப்பரில் மட்டும் நிற்காது, லீவர் பக்கம் ஹோஸ் சேரும் வளைவில்தான் பிடிவாதமாக உட்காரும், ஏனென்றால் உயரமான இடம் அது. கீழே எவ்வளவு ஏர் எடுத்தாலும் அங்கே இருப்பது அசையாது. டப்பாவை மட்டமாக வைத்து, லீவரைச் சிறிது சிறிதாக அசைத்து, ஸ்பேனரால் ஹோஸைத் தட்டுங்கள், குமிழ் மேலே வரும். அதன்பின் ராத்திரி லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி விட்டுவிடுங்கள். நான் இரண்டு முறை இப்படிச் செய்திருக்கிறேன், காலையில் லீவரில் நல்ல கனம் வந்திருந்தது.

ஆயிலையும் முழுவதும் மாற்றுங்கள். டாட் 3, டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகைகள் இரண்டுமே ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், நீர் ஏறிய ஆயிலுக்குக் குறைந்தபட்ச வரம்பு 155தான். நம் வண்டியில் திரும்புவதற்கும் பிரேக்தான் என்பதால் டிஸ்க் சாதாரண வண்டியைவிட அதிகம் சூடாகும். டாட் 5 சிலிக்கோனை மட்டும் இதோடு கலந்துவிடாதீர்கள், டாட் 5.1 வேறு, அது பரவாயில்லை. ஆயில் டப்பா மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

ஓடைமீன்:
என்னுடையது மேக்ஸ் என்ற வேறு வகை நீர்-நில வண்டி, அதில் டி-20 கியர்பாக்ஸ், டிஸ்க்குக்குப் பதில் பேண்டு (பட்டை) பிடிக்கும் ஏற்பாடு, அதனால் மேலே சொன்னது அதற்குப் பொருந்தாது. ஆனால் டயர் விஷயம் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். இந்த டயர்கள் சில பி.எஸ்.ஐ. காற்றிலேயே ஓடுபவை, ஒரு பக்கம் 1 பி.எஸ்.ஐ. குறைந்தாலும் அந்தப் பக்கம் இழுக்கும். குறைந்த அழுத்தம் காட்டும் தனிக் கேஜால் எட்டையும் பாருங்கள், கார் கேஜ் இங்கே உதவாது. ஒரே பக்கத்து டயர்கள் செயினால் பிணைந்தவை, ஒன்று சின்னதாகிவிட்டால் செயின்தான் அடி வாங்கும்.

சேற்றுத்தடம்:
செய்து பார்த்தேன். வலது பிளீடரைத் திறந்ததும் ஆயில் டியூபில் சீறிக்கொண்டு போனது, சக்கரம் சட்டென்று விடுபட்டது. ராடைத் தளர்த்தி லீவரில் சிறிது ஆட்டம் வைத்ததும் ஒரு மணி நேரம் ஓட்டியும் இழுக்கவில்லை. டயரில் காற்று எல்லாவற்றிலும் சமம். இடப்பக்கம் ஏர் எடுத்து ராத்திரி கட்டி வைத்தேன், லீவர் இப்போது பாதியிலேயே நிற்கிறது. ஆனால் இடப்பக்கப் பிடிப்பு மட்டும் இன்னும் வலப்பக்கப் பிடிப்பில் பாதிதான். காரணம் புரியவில்லை.

பழைய மெக்கானிக்:
இடது பேடைக் கழற்றி முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுத்துப் பளபளவென்று, விரலால் தேய்த்தால் பிசுபிசுப்பாக இருந்தால் அது செயின் ஆயில். டிஸ்க்கும் செயினும் வண்டியின் உடலான ஒரே தொட்டிக்குள் இருக்கின்றன, செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது தெறிக்கும், தொட்டிக்குள் தங்கும் தண்ணீரும் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வந்து டிஸ்க்கில் அடிக்கும்.

சேற்றுத்தடம்:
அப்படியேதான் இருக்கிறது. பெட்ரோலில் கழுவினால் போதுமா?

பழைய மெக்கானிக்:
வேண்டாம். எண்ணெய் ஊறிய பேட் சூடானதும் மறுபடி கசியும். இரண்டு பக்கமும் பேட் மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் திருப்பம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடையுங்கள். இனி செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும் முன் டிஸ்க் மேல் ஒரு அட்டையைச் செருகிவிடுங்கள். தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன் கரையில் இரண்டு பக்கமும் ஐந்தாறு முறை திரும்பிப் பாருங்கள், புது பேட் டிஸ்க்கோடு படிய அவ்வளவாவது வேண்டும்.