3.5இல் இருந்து 5ஆம் பதிப்புக்கு ஆர்கேன் ஆர்ச்சரை எப்படிக் கொண்டுபோவது?

கல்லடி டிஎம்:
மட்டக்களப்பு கல்லடியில் நாங்கள் சின்னக் குழுவாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதை விளையாட்டு விளையாடுகிறோம், ஆட்டத்தை நடத்தும் டிஎம் நான். மாமா வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த 3.5 பதிப்புப் புத்தகங்களில்தான் தொடங்கினோம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு 5ஆம் பதிப்புத்தான் பழக்கம். அதனால் கதையை அப்படியே வைத்துக்கொண்டு விதிகளை மாற்றுகிறோம்.

மாற்றுவதற்கு மச்சானின் எல்ஃப் பாத்திரம் மட்டும் மிச்சம்: ஃபைட்டர் (போர்வீரர்) 6 லெவல், விசார்ட் (மந்திரவாதி) 1, ஆர்கேன் ஆர்ச்சர் (மந்திர வில்லாளி) 4. அவளுடைய பெரிய வித்தை, ஒப்ஸ்கியூரிங் மிஸ்ட் மந்திரத்தை அம்பில் ஏற்றி எய்வது. மந்திரம் சொல்கிறவரைச் சுற்றி எழும்ப வேண்டிய பனிமூட்டம், அம்பு விழுந்த இடத்தில் எழும்பும். பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்ற வில்லாளர்களின் கண்ணை அப்படிக் கட்டித்தான் எங்கள் ஆட்கள் ஆற்றைக் கடந்தார்கள். 2017இல் வந்த ஸனதார் என்ற 5ஆம் பதிப்பு விதிப் புத்தகத்தில் ஆர்கேன் ஆர்ச்சர், ஃபைட்டரின் சப்கிளாஸாக (உட்பிரிவாக) இருக்கிறது. இந்த வித்தை அதில் இல்லை. இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. தாக்கும் எண்ணுக்கும் சேதத்துக்கும் +2 தரும் அவளுடைய அம்பையும் என்ன செய்வது?

கல்முனை அக்கா:
தம்பி, +2ஐ விடுங்கள். 3.5இல் ஃபைட்டரின் தாக்கும் எண் +20 வரை போகும், எதிரிகளின் ஆர்மர் கிளாஸும் (அடி விழ எட்ட வேண்டிய எண்) கூடவே ஏறும். ஏன்ஷியன்ட் சிவப்பு டிராகனுக்கு அங்கே 39, 5இல் 22தான். லெவலோடு ஏறும் புரொஃபிஷியன்சி போனஸும் +6ஓடு நின்றுவிடும். அந்த இடத்தில் நிரந்தர +2 சரியான பாரம். சப்கிளாஸ் 7ஆம் லெவலில் சாதாரண அம்பை மந்திர அம்பாக்கித் தருகிறது, அது போதும். ஃபைட்டர் 10, விசார்ட் 1 என்று வையுங்கள், அதே 11 லெவல். எதிரியைத் தேடிப்போகும் சீக்கிங் ஆரோவை எடுத்தால் பழைய சீக்கர் அம்பும் திரும்பி வந்துவிடும்.

அக்கரைப்பற்று வில்லாளி:
மூட்டத்துக்கு எங்கள் மேசை விதி: ஒரு ஆர்கேன் ஷாட் (சப்கிளாஸின் சிறப்பு எய்தல்), ஒரு மந்திர ஸ்லொட் (மந்திரம் சொல்லும் வாய்ப்பு), இரண்டையும் செலவழித்தால் பரப்பில் விழும் மந்திரம் ஒன்றை அம்பில் ஏற்றலாம். மந்திரம் சொல்வதும் எய்வதும் ஒரே ஆக்‌ஷன், அந்த முறை இரண்டாவது தாக்குதல் கிடையாது. 5இல் மூட்டம் எழுப்பும் ஃபாக் கிளவுட் மந்திரம் 120 அடிதான் எட்டும். லோங்போ சிரமமில்லாமல் 150, கஷ்டப்பட்டால் 600. ஆர்கேன் ஷாட் ஓய்வுக்கு இரண்டுதான் என்பதால் ஆட்டம் கெடாது. மந்திரம் நிலைக்கக் கவனத்தை அதிலேயே வைத்திருக்கும் கான்சென்ட்ரேஷன் விதியை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கல்லடி டிஎம்:
அக்கா, 39ஐயும் 22ஐயும் பார்த்தவுடன் விளங்கிவிட்டது, +2ஐ எடுத்துவிடுகிறேன். வில்லாளி அண்ணனின் விதி அப்படியே வருகிறது, ஆனால் அவளுக்கு மட்டும். 3.5இல் அந்தக் கிளாஸுக்குள் போக எல்ஃபாகவோ அரை எல்ஃபாகவோ இருக்க வேணும், மூன்று ஃபீட் (சிறப்புத் திறமை) வேணும், தாக்கும் எண் +6 வேணும். மச்சான் முதல் லெவலில் இருந்தே அதற்காகத் திட்டம் போட்டு அவளை வளர்த்தவன். 5இல் 3ஆம் லெவலிலேயே சப்கிளாஸ் கைக்கு வந்துவிடுகிறது. அவன் பட்ட பாட்டுக்கு மேசையில் ஒரு மதிப்பு இருக்கத்தான் வேணும். இனி யாராவது ஆர்கேன் ஆர்ச்சர் எடுத்து மூட்ட அம்பு கேட்டால், கதைக்குள் அவளைத் தேடிப்போய்ப் படிக்கட்டும்.