திருகோணமலை வெக்கையில் உருளைக்கிழங்கு பிடிக்குமா?

உவர்மலை வாசி:
வளவுக்குள் நிலம் குறைவு. சீமெந்துத் தரையோரம், மதிலை ஒட்டிப் பத்து உரப்பை வைக்க இடம் இருக்கிறது. பகல் ஒரு மணி வரை வெயில், பிறகு மதில் நிழல். கிணற்றுத் தண்ணீர்தான். இந்த மாரியில் உருளைக்கிழங்கு வைக்கலாமா? எப்போது நடுவது, எந்த விதை? முளைவிட்ட கடைக் கிழங்கை வெட்டி நட்டாலே போதும் என்கிறார்களே, சரியா? பக்கத்தில் தக்காளி, கத்தரித் தொட்டிகளும் உண்டு.

கன்னியா மண்:
வைக்க வேண்டாம். பகல் வெயிலுக்காகச் சொல்லவில்லை, இராச் சூட்டுக்காகச் சொல்கிறேன். பகலில் இலை செய்யும் மாச்சத்து கீழே இறங்கிக் கிழங்காகச் சேர வேண்டுமென்றால் இரவு 15 முதல் 18 பாகை செல்சியஸ் வரை இருப்பது நல்லது. 22 ஐத் தாண்டினால் கிழங்கு பிடிப்பது சட்டென்று குறையும். திருகோணமலையில் ஆகக் குளிர்ந்த தை மாதத்திலும் இரவு 24 பாகை அளவில்தான் நிற்கும். கடலோரம் என்பதால் அதற்குக் கீழே லேசில் இறங்காது.

செடி செழித்து வளரும், பூவும் விடலாம். கிண்டிப் பார்த்தால் நெல்லிக்காய் அளவில் மூன்று நான்கு. மண் இன்னும் சூடானால் உள்ளே ஓடும் வெள்ளைத் தண்டின் நுனி பருக்காது; மேல்நோக்கி வளைந்து வெளியே வந்து இலை விட்டுவிடும். அடித்தண்டுக்கு ஒரு சாண் தள்ளிப் புதுத் தளிர் மண்ணைப் பிளந்து வருவதைக் கண்டால், கிழங்காக வேண்டிய தண்டு செடியாகிவிட்டது என்று அறியலாம். அதே எருவையும் தண்ணீரையும் வற்றாளைக்கோ இராசவள்ளிக்கோ கொடுத்தால் வீட்டுக்குக் கிழங்கு நிச்சயம்.

வலிகாமத்தார்:
அண்ணா சொன்ன பாகைக் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை, அதிலிருந்து எடுத்த முடிவோடுதான். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் மாரி மழை தணியும்போது நட்டு, மாசி, பங்குனியில் கிண்டுகிறார்கள். அங்கேயும் தை இரவு 18 பாகைக்கு இறங்குவதில்லை, 22 அளவில்தான் நிற்கிறது. ஆனாலும் விளைகிறது.

வெப்பத்தோடு பகலின் நீளத்தையும் பார்க்க வேண்டும். இரவு நீண்டால் கிழங்கு பிடிக்கும் தூண்டல் கூடும். ஐரோப்பியக் கோடையில் 16 மணிநேரப் பகலில் வளரும் செடிக்கு இரவுக் குளிர் கட்டாயம். இங்கே தையில் பகல் 12 மணிநேரத்துக்கும் குறைவு. அதனால் சூட்டால் வரும் நட்டத்தில் ஒரு பங்கு ஈடாகிறது.

ஆகவே எல்லாம் திகதியில்தான் இருக்கிறது. டிசம்பர் 10 க்கும் 20 க்கும் இடையில் நடுங்கள். இரண்டு கிழமையில் முளை வெளியே தெரியும். நட்ட 30 முதல் 40 நாளுக்குள் கிழங்கு பிடிக்கத் தொடங்கும், அது தை நடுப்பகுதிக்கும் கடைசிக்கும் இடையில் விழும். 85 முதல் 90 நாளில் பங்குனி வெயில் ஏறும் முன்பே கிண்டிவிடலாம். நவம்பரில் நட்டால், மாதத்துக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும் மழையில் விதை அழுகும். ஜனவரி பாதியில் நட்டால் கிழங்கு பருக்கும் நேரம் பங்குனிச் சூட்டில் அகப்படும்.

கன்னியா மண்:
தம்பி, 22 க்கும் 24 க்கும் இடையிலுள்ள இரண்டு பாகையைச் சின்னதாக எண்ணாதீர்கள். பயிர் தாங்கும் எல்லை அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதோடு யாழ்ப்பாணத்துக் கிழங்கு நிலத்தில் விளைகிறது, இவர் பையில் கேட்கிறார். நிலத்தில் நாலு விரல் ஆழத்துக்குக் கீழே சூடு மெதுவாகத்தான் ஏறும். பைக்கு நாலு பக்கமும் வெயில். போதாததற்குச் சீமெந்துத் தரையும் மதிலும் பகலில் வாங்கிய சூட்டை இரவில்தான் வெளியே விடும். செடிக்குக் குளிர் வேண்டிய அதே நேரத்தில் பை அடுப்பங்கரையில் இருக்கும். மண்ணின் சூடு 30 பாகைக்கு வந்தால் கிழங்கு அநேகமாகப் பிடிக்காது.

வலிகாமத்தார்:
அப்படியானால் பையை அந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டியதுதான். மதிலுக்கு இரண்டடி தள்ளி, வெறும் மண் உள்ள இடத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி எடுத்துப் பையைப் பாதி இறக்கி வையுங்கள். கறுப்புப் பை கூடாது, வெள்ளை உரப்பை நல்லது. அடியிலும் பக்கத்திலும் விரல் நுழையும் அளவில் பத்துப் பன்னிரண்டு துளை வேண்டும். குழியில் தண்ணீர் கட்டி நிற்கும் வளவென்றால் இறக்காதீர்கள், செங்கல் மேல் தூக்கி வைத்துப் பையைச் சுற்றி வைக்கோல் கட்டுங்கள்.

கலவைக்கு மேல்மண் இரண்டு பங்கு, நன்றாக உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. புது மாட்டெருவும் கோழியெருவும் வேண்டாம். பைக்கு இரண்டு விதைக்கிழங்கு, 10 சென்ரிமீற்றர் ஆழத்தில், முளை மேலே பார்க்க. முளை ஒரு சாண் வளர்ந்ததும் பாதித் தண்டு மூடும்படி மண் அணைத்து, மேலே எட்டுப் பத்து சென்ரிமீற்றர் வைக்கோல். இந்த வைக்கோலை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஈரத்தையும் குளிர்ச்சியையும் பிடித்து வைப்பது அதுதான்.

யூரியாவில் கை நீளக் கூடாது. நடும்போது செடிக்கு 3 கிராம், மண் அணைக்கும்போது இன்னொரு 3 கிராம் போதும். தழைச்சத்து கூடினால் செடி இலையிலேயே நிற்கும், கிழங்கு பிடிக்கும் நாள் தள்ளிப் போகும். இங்கே தள்ளிப் போக நமக்கு நாள் இல்லை.

நிலாவெளி வெங்காயம்:
ரெண்டு பேரும் தண்ணிய மறந்திட்டீங்க. உருளை உப்புத் தாங்காது. கடலோரக் கிணத்துத் தண்ணி தை, மாசியில கொஞ்சம் கொஞ்சமா உவர்க்கத் தொடங்கும். வாயில வச்சுக் கரிச்சா அந்தத் தண்ணி வேண்டாம். வாய்க்குத் தெரியிறதுக்கு முந்தியே செடிக்குத் தெரிஞ்சிடும்: முதல்ல அடி இலையின்ட ஓரம் கருகும். மழைத்தண்ணிய பரல்ல பிடிச்சு வையுங்க. தும்புத்தூளையும் சும்மா போடாதீங்க, அதிலயும் உப்பு இருக்கும். ஒரு இரவு ஊற வச்சுப் பிழிஞ்சு, திரும்ப ஒருக்கா ஊற வச்சு எடுங்க.

இலைப்புள்ளி:
சூட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், உவர்மலை வாசியின் கேள்வியில் உள்ள பெரிய ஆபத்து கடைசி வசனத்தில் இருக்கிறது. பக்கத்தில் தக்காளியும் கத்தரியும் நிற்கின்றன.

உருளைக்கு வரும் பற்றீரியா வாடல் அந்த இரண்டையும் மிளகாயையும் சேர்த்தே பிடிக்கும். மலைநாட்டுக் குளிரில் கிழங்குக்குள் கிருமி இருந்தாலும் செடி வாடாமல் நிற்கும், கிழங்கும் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். அதே கிழங்கைத் திருமலைச் சூட்டில் நட்டால் கிருமி பெருகிவிடும். நண்பகலில் ஒரு கிளை தொங்கும், மாலையில் நிமிரும், சில நாளில் பச்சை மாறாமலே முழுச் செடியும் விழும். அதன் பிறகு அந்த மண்ணில் பல வருடம் கிருமி தங்கும். கிழங்கு கிடைக்காதது ஒரு போகத்து நட்டம், இது வளவுக்கே வரும் நட்டம்.

சந்தேகம் வந்தால் மண்மட்டத்துக்கு மேலே தண்டை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுமுகம் மட்டும் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற நூல் கீழே இறங்கினால் அது பற்றீரியா வாடல். கிழங்கை வெட்டினால் தோலுக்கு உள்ளே பழுப்பு வளையம் தெரியும், அழுத்தினால் கசியும்.

ஆகவே கடைக் கிழங்கு வேண்டவே வேண்டாம். எங்கே விளைந்தது, என்ன இனம் என்று தெரியாது. முளைக்காமல் இருக்க மருந்து கண்டதாகவும் இருக்கலாம். உறுதிப்படுத்திய விதைக்கிழங்கை விவசாயப் போதனாசிரியர் மூலம் கேளுங்கள். 35 முதல் 50 கிராம் உள்ள முழுக் கிழங்காக எடுங்கள். வெட்டி நடுவது குளிர் நாட்டுப் பழக்கம்; இங்கே ஈரச் சூட்டில் வெட்டுவாய் ஆறும் முன்பே அழுகும். ஒரு நோய்க் கிழங்கை வெட்டிய கத்தி அடுத்த பத்துக்கும் நோயைக் கொடுக்கும்.

உவர்மலை வாசி:
நன்றி. கடைக் கிழங்கு இல்லை, வெட்டுவதும் இல்லை. பை உயர உயர மண் போட்டுக்கொண்டே போனால் தட்டுத் தட்டாகக் கிழங்கு வரும் என்று காணொளிகளில் காட்டுகிறார்களே?

வலிகாமத்தார்:
அதை நம்பிப் பை நிறைக்காதீர்கள். கிழங்கு பிடிக்கும் நேரம் குறுகியது. அந்த நேரத்தில் மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்துதான் பிடிக்கும், பிறகு போடும் மண் செடிக்குப் பாரம். மொத்தம் 30 சென்ரிமீற்றர் மண் போதும். கிழங்கு வெளியே தெரிந்தால் உடனே மூடுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையானதைச் சமைக்கக் கூடாது.

தண்ணீரை ஒரே அளவாக ஊற்றுங்கள். மழையில்லாத நாளில் பைக்கு ஒன்று, ஒன்றரை லீற்றர், காலையில். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் நிறைய ஊற்றினால் கிழங்கு வெடிக்கும், அல்லது ஒன்றின் நுனியில் இன்னொன்று முடிச்சாகத் தொங்கும். பாதி இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தி, ஒரு கிழமைக்குப் பிறகு ஒரு கிழங்கை எடுத்துப் பெருவிரலால் தேயுங்கள். தோல் உரியாவிட்டால் எல்லாவற்றையும் கிண்டலாம்.

கன்னியா மண்:
இவ்வளவும் செய்து எவ்வளவு எதிர்பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுவோம். 60 க்கு 25 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்ரெயருக்கு 66,000 செடி வரும். அந்த நிலத்தில் 15 தொன் எடுத்தாலும் செடிக்கு 225 கிராம்தான். பையில், நம் இராச் சூட்டில், அதில் பாதி வந்தாலே நல்ல விளைச்சல் என்பேன். பத்துப் பை, இருபது செடி: இரண்டு கிலோ சொச்சம். விதைக்கிழங்கு மட்டுமே ஒரு கிலோ அளவில் போய்விடும். என் எண்ணம் மாறவில்லை.

வலிகாமத்தார்:
பத்துப் பையும் வேண்டாம் என்பதில் நான் உங்களோடுதான். மூன்று பை வைத்துப் பார்க்கட்டும்.

இலைப்புள்ளி:
மூன்றோ பத்தோ, தக்காளித் தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரும் உருளைப் பையிலிருந்து வழியும் தண்ணீரும் ஒன்றின் பக்கம் மற்றது போகாதபடி, சரிவு பார்த்து வையுங்கள். குழியில் இறக்கிய பையின் வேர் துளை வழியாக வளவு மண்ணுக்குள் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். தக்காளி உள்ள வளவில் செங்கல் மேல் வைப்பதே என் தெரிவு. இரண்டுக்கும் தனித்தனிக் கத்தி. ஒரு செடி வாடினால் தண்ணீரை நிறுத்தி, பையைக் கட்டி, மண்ணோடு அப்படியே தூக்குங்கள். அந்த மண்ணைக் கூட்டெருக் குழியில் கொட்டாதீர்கள். கிண்டிய கிழங்கில் சின்னதை அடுத்த வருட விதைக்கு வைக்கவும் வேண்டாம்: அசுவினி ஏற்றிய வைரஸ் அதற்குள் இருக்கும், ஆனி ஆடிச் சூட்டில் அந்துப்பூச்சிப் புழு துளைத்து மிச்சத்தையும் முடித்துவிடும்.