மறுமொழி: மைக்கோபிளாஸ்மாவுக்கு ‘பூஞ்சைக்கணிகம்’ வேண்டாம், ‘சுவரிலி’ சரியா?

குழுவினருக்கு வணக்கம். நம் மருத்துவக் கையேட்டில், பிள்ளைகளுக்கு நிமோனியா (நுரையீரல் அழற்சி) தரும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்கு என்ன தமிழ்ப்பெயர் வைப்பது என்ற பேச்சில், முன்மொழிந்த சொற்களுக்கு என் பதில்.

> மைக்கோ என்றால் பூஞ்சை, பிளாஸ்மா என்றால் கணிகம். ஆகவே ‘பூஞ்சைக்கணிகம்’.

‘மைக்கோ’வின் வேர்ச்சொல் கணக்கு சரிதான், நோயின் கணக்கு இடிக்கிறது. இது பூஞ்சை அல்ல, பாக்டீரியா. கிரேக்கப் பெயரில் ஒட்டிக்கொண்ட பழைய பிழையை நாம் தமிழில் புதுப்பிக்க வேண்டாம். வண்ணாரப்பேட்டையில் ஓ.பி. சீட்டோடு நிற்கும் தாய்க்குப் ‘பூஞ்சை’ என்றதும் படர்தாமரைதான் நினைவுக்கு வரும். காசநோய்க் கிருமியான மைக்கோபாக்டீரியத்துக்கும் அதே ‘மைக்கோ’ உண்டு. அதற்குத் தடித்த மெழுகுச் சுவர், இதற்கோ செல்சுவரே கிடையாது.

பெயரை அங்கிருந்து எடுப்போம். முதுகெலும்பிலி போலச் ‘சுவரிலி’. இந்த ஒரு சொல்லில் மருத்துவமே அடங்கிவிடுகிறது. வழக்கமாகத் தரும் ஆன்டிபயாட்டிக்கான அமாக்ஸிசிலின் செல்சுவர் கட்டும் வேலையைக் கெடுத்துத்தான் கிருமியைக் கொல்கிறது. சுவரில்லாததிடம் அது செல்லாது. மூன்று நாள் சிரப் கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை என்றால் ‘பவர் பத்தல’ என்று செஃபிக்ஸிம் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்றுகிறார்கள். அதுவும் சுவரைத் தாக்கும் மருந்துதான். அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோ கிருமியின் புரத உற்பத்தியைத் தடுப்பதால் வேலை செய்கிறது. வழக்கமான அளவு முதல் நாள் கிலோவுக்கு 10 மி.கி., அடுத்த 4 நாள் 5 மி.கி. 20 கிலோ குழந்தைக்கு முதல் நாள் 200 மி.கி., பிறகு தினம் 100 மி.கி. அதற்கும் அடங்காத வகைகள் உண்டு. 2, 3 நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால் மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும்.

> ‘வாக்கிங் நிமோனியா’வுக்கு (ஆளைப் படுக்கையில் தள்ளாத, இந்தக் கிருமி தரும் நிமோனியா) ‘நடமாடும் நிமோனியா’.

நடமாடும் ரேஷன் கடையில் நடமாடுவது கடை. அப்படியே நிமோனியாவே தெருத்தெருவாக வருவதுபோல இது காதில் விழும். நோய் ஆளைக் கிடத்தும் என்பது நம் வழக்கு. ‘கிடத்தாத நிமோனியா’ என்பேன். நோயின் போக்கும் பொருந்துகிறது: பெரும்பாலும் 5 வயதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள். தலைவலி, தொண்டைவலி, காய்ச்சல் என்று மெல்லத் தொடங்கும். மூக்கு அதிகம் ஒழுகாது. சில நாள் கழித்து வறட்டு இருமல் ஏறி, 3, 4 வாரம் இழுக்கும். பிள்ளை ஓடியாடும். ஸ்டெதாஸ்கோப்பில் அதிகம் கேட்காது, எக்ஸ்ரேயில் மட்டும் திட்டுத் திட்டாக வெண்மை தெரியும். கிருமி புகுந்து நோய் தெரிய 2, 3 வாரம் ஆவதால், அண்ணனுக்கு இருமல் அடங்கும் நேரத்தில் தங்கைக்குத் தொடங்கும். ஆலைகள் நிறைந்த மணலி, எண்ணூர்ப் பக்கம் பழியைப் புகைமேல் போடுகிறோம். புகையும் இருமலைத் தூண்டும்தான், ஆனால் புகையால் காய்ச்சல் வராது.

———

ஐயா, வணக்கம். ‘சுவரிலி’ எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் மைக்கோபிளாஸ்மாவுக்கு மட்டும் வைத்தால் அதன் உறவுக் கிருமியான யூரியாபிளாஸ்மாவை எங்கே வைப்பீர்கள்? அதற்கும் சுவரில்லை. இரண்டும் அடங்கிய வகுப்பு ‘மாலிக்யூட்ஸ்’, லத்தீனில் மென்தோல். அந்த வகுப்புக்குச் ‘சுவரிலிகள்’ என்று வைப்போம். மைக்கோபிளாஸ்மா ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும்.

‘கிடத்தாத’ மேல்தான் எனக்குப் பயம். சில பிள்ளைகளை இது கிடத்தியே விடும். பெயரை நம்பித் தாய் வீட்டிலேயே காத்திருந்தால்? உதடும் வாயும் புண்ணாகிக் கண் சிவப்பதை மருந்து ஒவ்வாமை என்று மட்டும் நினைத்து விட்டுவிடுவார்கள். பிள்ளை திடீரென வெளிறி, சிறுநீர் கறுத்துப் போனால் ரத்த அணுக்கள் உடைகின்றன என்று பொருள். வலிப்போ, பேச்சுக் குழறலோ வந்தால் மூளையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.

மூச்சுத் திணறலைத் தாயிடம் கேட்கவும் நம்மிடம் சொல் இருக்கிறது: ‘மூச்சு வாங்கும்போது பக்கம் இழுக்குதா?’ சட்டையைத் தூக்கி, விலாவின் கீழே பள்ளம் விழுகிறதா என்று ஒரு முழு நிமிடம் பார்க்கச் சொல்ல வேண்டும். கையேட்டில் ‘மார்புக்கூட்டு உள்ளிழுப்பு’ என்றிருப்பதைப் ‘பக்க இழுப்பு’ என்று மாற்றலாம். 2 வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் என்ற வரியும் கையேட்டின் அதே பக்கத்தில் வரட்டும்.

———

ஏற்கிறேன் அம்மா. ‘கிடத்தாத’வை எடுத்துவிட்டேன். தலைச்சொல் ‘மைக்கோபிளாஸ்மா நிமோனியா’, விளக்கம் ‘சுவரிலிக் கிருமியால் வருவது; பிள்ளை நடமாடினாலும் நுரையீரல் பழுதுபட்டிருக்கலாம்’. ‘சுவரிலி’க்குப் பின் க் மிகும், அச்சுக்கோப்பில் விட்டுவிடாதீர்கள். ‘பக்க இழுப்பு’ தனிப்பதிவாகச் சேர்கிறது.