ஆட்டுக்கல் கொத்த ஆள் வேணும், கூடவே ஒரு யோசனையும்

மதுரை மக்களே, ஜிம்முக்குப் போகாம வீட்டு வேலையிலயே உடம்பைத் தேத்துற திட்டம் இது. தப்பிருந்தா திருத்துங்க.

வாசல் கூட்டித் தெளிக்கிறது காலை 6 மணிக்குள்ள. சித்திரை வெயில்ல அதுக்கு மேல ஆகாது. 15 லிட்டர் குடம்னா தண்ணி மட்டுமே 15 கிலோ. ஒரே இடுப்புல சுமந்தா முதுகு ஒருபக்கமா இழுக்கும். அதனால கைக்கு ஒண்ணா 7 லிட்டர் வாளி ரெண்டு, முட்டியை மடக்கித் தூக்கி மாடிக்கு 5 நடை. தரை துடைக்கிறது குத்தவச்சுத்தான். முட்டி வலிக்காரங்களுக்கு மாப்பே போதும்.

சிக்கல் ஆட்டுக்கல்லுல. தோளுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது, ஆனா குழி வழுவழுன்னு தேஞ்சுபோச்சு. உளுந்து அரைபடாம வழுக்குது. திருப்பரங்குன்றம், செல்லூர் பக்கம் கல் கொத்துறவங்க இருக்காங்களா? கூலி எவ்வளவு? கொத்துன பிறகு மண்ணு நெறுநெறுன்னு கடிபடாம இருக்க எத்தனை தடவை அரிசி போட்டு அரைச்சுக் கொட்டணும்? கை மாத்தி மாத்தி ஆட்டுறவங்க, ஒரு கைக்கு எத்தனை நிமிஷம்னும் சொல்லுங்க.