உதவி: வெப்சைட்டை மாற்றியதிலிருந்து கடைக்காரர்கள் ஆர்டர் போட முடியவில்லை என்கிறார்கள்

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
வணக்கம், அவசரம். எங்களுடையது வெள்ளிக் கொலுசு ஹோல்சேல். வெப்சைட்டைப் புதுசாக மாற்றினோம். அதிலிருந்து ஒரே புகார், "பழசையே போடுங்க" என்று. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. செய்து கொடுத்தவர் "போகப் போகப் பழகிடும்" என்கிறார். முகூர்த்த சீசன் நெருங்குகிறது, அதுவரை பொறுக்க முடியாது. என்ன பார்க்கலாம்?

நாகலூர் காபி:
லிங்க் கொடுங்க. வேர்ட்பிரஸ்ஸா, வேறு எதுவுமா? கடைக்காரர்கள் போனில் பார்க்கிறார்களா, கம்ப்யூட்டரிலா? எந்த இடத்தில் நின்று போகிறது? இவ்வளவும் தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது.

சூரமங்கலம் சர்வர்:
கேச்தான் (போன் சேமித்து வைக்கும் பழைய பிரதி), வேறு எதுவும் இல்லை. புது டிசைன் ஏற்றியதும் பாதிப் பேர் போனில் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் பழைய ஸ்டைல் ஃபைலே நிற்கும், பக்கம் கோணல்மாணலாக வரும். ஃபைல் பெயருக்குப் பின்னால் வெர்ஷன் நம்பர் போடச் சொல்லுங்க.

பிக்சல் வாத்தியார்:
கேள்வி கேட்கும் முன் என்னென்ன தர வேண்டும் என்று இழையின் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன். யாரும் படிப்பதில்லை. யார் எந்தப் பக்கம் வரை போகிறார் என்று எண்ணிக் காட்டும் அனலிட்டிக்ஸ் போட்டிருக்கிறீர்களா? இல்லை என்றால் நீங்கள் சொல்வது வெறும் பேச்சு. எந்தத் தளத்தை மாற்றினாலும் முதலில் கூச்சல் வரும். 2006-ல் ஃபேஸ்புக், நண்பர்கள் செய்வதையெல்லாம் ஒரே பட்டியலாகக் காட்டும் நியூஸ் ஃபீட் கொண்டுவந்தபோது லட்சக்கணக்கானவர்கள் எதிர்த்துக் குழுவில் சேர்ந்தார்கள். நியூஸ் ஃபீட் போனதா?

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
லிங்க்கை உங்கள் எல்லாருக்கும் தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன். பழைய சைட்டில் ஒரே பட்டியல்: டிசைன் நம்பர், அங்குலம், கிராம், டச் (வெள்ளியின் தூய்மை), செய்கூலி. கடைக்காரர் நம்பரைப் பார்த்து எத்தனை ஜோடி என்று போட்டு அனுப்புவார். புதுசில் பெரிய பெரிய படங்கள். எல்லாரும் போனில்தான்.

அம்மாபேட்டை தறி:
என் போனில் இப்போதுதான் பார்த்தேன் அண்ணா. 10 அங்குலம், முத்து வைத்த ஒரு ஜோடியை எடுத்தேன். படத்தைத் தொட்ட பிறகுதான் கிராம் வருகிறது, அதுவும் வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து. ஜோடி எண்ணிக்கையை ஏற்றும் கூட்டல் குறி வலது கீழ் மூலையில் இருக்கிறது. அதே மூலையில் பச்சை வாட்ஸ்அப் வட்டம் அதன் மேல் முக்கால்வாசி உட்கார்ந்திருக்கிறது. கூட்டலைத் தொட்டால் வாட்ஸ்அப் திறக்கிறது. திரும்பி வந்தால் போட்ட எண்ணிக்கை காலி. கம்ப்யூட்டர் திரையில் இடம் தாராளமாக இருப்பதால் இரண்டும் தள்ளி நிற்கும். ஆபீஸில் உங்களுக்குத் தெரியாததற்குக் காரணம் இதுதான். கேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சூரமங்கலம் சர்வர்:
கேச்சும் இருக்கலாம் என்றுதான் சொன்னேன்.

நாகலூர் காபி:
சாம்பல் எழுத்தைப் பற்றி: சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது, இணையப் பக்கத்தை எல்லாரும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. விதி. இதில் பாதிகூடத் தேறாது போல. கடை வாசலில் வெயிலில் நின்று பார்ப்பவருக்கு எடையே தெரியாது, ஹோல்சேலில் எடை தெரியாமல் யார் ஆர்டர் போடுவார்? "பழகிடும்" என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. 2014-ல் பிரிட்டனின் பெரிய கடை நிறுவனமான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் இணையக் கடையைப் புதுசாக்கியபோது பழைய வாடிக்கையாளர்கள் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் இணைய விற்பனை 8.1 சதவீதம் சரிந்தது.

பிக்சல் வாத்தியார்:
பெரிய கம்பெனிக் கதையைப் பட்டறைக்கு ஒட்டாதீர்கள். பட்டியல் போட்டு விற்கும் காலம் போய்விட்டது. படம் பார்த்துத்தான் இன்று எல்லாரும் வாங்குகிறார்கள்.

நாகலூர் காபி:
வீட்டுக்கு ஒரு ஜோடி வாங்குபவர் படம் பார்ப்பார். ஐம்பது ஜோடி எடுக்கிற கடைக்காரருக்கு டிசைன் ஏற்கெனவே மனப்பாடம். அவருக்கு வேண்டியது நம்பரும் கிராமும். புகாரில் இரண்டு வகை உண்டு. "நிறம் பிடிக்கவில்லை" என்பது பழகிவிடும். "நேற்று வரை செய்த வேலையை இன்று செய்ய முடியவில்லை" என்பது எத்தனை மாதம் போனாலும் பழகாது. இவருக்கு வந்திருப்பது இரண்டாவது வகை.

குகை வியாபாரி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். டச்சையும் கூலியையும் எல்லாரும் பார்க்கிற மாதிரிப் போடுவதே தப்பு. பக்கத்துப் பட்டறைக்காரர் அதைப் பார்த்து ரேட்டைக் குறைப்பார். லாகின் வைத்துக் காட்டுங்கள்.

அம்மாபேட்டை தறி:
கூலியை வேண்டுமானால் மறைக்கலாம். டச்சை எதற்கு மறைக்க வேண்டும்? 2025 செப்டம்பரிலிருந்து வெள்ளி ஹால்மார்க்குக்கும் (தூய்மை முத்திரை) தனி அடையாள எண் வந்துவிட்டது. விருப்பம்தான், கட்டாயமில்லை. ஆனாலும் வாங்குபவர் கேட்கத் தொடங்கிவிட்டார்.

குகை வியாபாரி:
கேட்பவருக்குச் சொல்லலாம். ஊருக்கே சொல்ல வேண்டுமா?

நாகலூர் காபி:
அதைத் தனி இழையில் பேசுங்க. அண்ணா, நீங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் கடைக்காரர்களில் ஐந்து பேரிடம் அவரவர் போனிலேயே ஓர் ஆர்டர் போடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். வாயைத் திறந்து உதவி செய்யாதீர்கள். ஐந்து பேரிடம் பார்த்தாலே சிக்கல்களில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும் என்று, தளங்களைப் பயன்படுத்துவது எளிதா என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதினார். எந்த இடத்தில் விரல் தயங்குகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிக்சல் வாத்தியார்:
ஐந்து பேரை வைத்து சதவீதக் கணக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். தவறைக் கண்டுபிடிக்க அது போதும். வாட்ஸ்அப் வட்டத்தை நானும் என் போனில் பார்த்தேன். அது டிசைன் தவறுதான்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
எல்லாருக்கும் நன்றி. வாட்ஸ்அப் வட்டத்தை இடது பக்கம் மாற்றியாச்சு, பட்டியலும் தனிப் பக்கமாகத் திரும்ப வந்துவிட்டது. ஆர்டர் வருகிறது. ஆனால் ஆத்தூர் கடைக்காரர் ஒருவர் "பக்கமே இல்லை என்று வருது" என்கிறார். எனக்கு இங்கே திறக்கிறது. பட்டறையில் ஆள் நிற்கிறார்கள், அப்புறம் வருகிறேன்.

அம்மாபேட்டை தறி:
அவர் பழைய பட்டியல் லிங்க்கை வாட்ஸ்அப்பில் சேமித்து வைத்திருப்பார். முகவரி மாறியிருந்தால் 404-தான் ("பக்கம் இல்லை") வரும். பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதற்குரிய புதுப் பக்கத்துக்குத் தானாகத் திருப்பிவிடும் 301 ரீடைரெக்ட் போடச் சொல்லுங்க. எல்லாவற்றையும் முகப்புக்குத் தள்ளிவிட வேண்டாம், அவர் மறுபடி தேட வேண்டியிருக்கும்.

நாகலூர் காபி:
ஆமாம். பழைய முகவரிகள் மறந்து போயிருந்தால் தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் 404 வந்த பக்கங்களின் பட்டியல் இருக்கும், அதிலிருந்து எடுக்கலாம். போட்டாச்சா என்று சொல்லுங்க அண்ணா.