ஈசூனிலிருந்து துவாஸ்: பல்சரா, ஸ்கூட்டரா?

ஈசூன்காரன்:
சிங்கப்பூரில் ஈசூனில் வீடு, வேலை துவாஸுக்கு மாறிவிட்டது. மாதம் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் ஓடும். 2பி உரிமம்தான், 200 சிசியைத் தாண்ட முடியாது. எனக்குப் பல்சர் என்எஸ்200 பைக் மீது கண். வீட்டுக்காரியோ ஹோண்டா பிசிஎக்ஸ்160 ஸ்கூட்டர் போதும் என்கிறாள். இருக்கைக்கு அடியில் காய்கறி வைக்கலாமாம்! விற்பனையாளர் சொல்லும் மைலேஜ் வேண்டாம். ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்.

சங்கிலிச்சத்தம்:
தம்பி, என்னுடையது என்எஸ்200. லிட்டருக்கு 30ஐ ஒட்டித் தருகிறது. மழையில் நனைந்தால் மறுநாள் சங்கிலி கிறீச்சிடும். துடைத்து எண்ணெய் விடச் சோம்பல்பட்டால் பற்சக்கரமும் சேர்ந்து தேயும். ஸ்பார்க் பிளக் வேறு மூன்று. ஆனாலும் விற்கமாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
பிசிஎக்ஸ் எனக்கு 40 தருகிறது. உங்கள் தூரத்துக்கு 37.5 லிட்டர், பல்சருக்கு 50. லிட்டர் 2.80 வெள்ளி என்று வைத்தால் வித்தியாசம் மாதம் 35 வெள்ளி. அதில் ஸ்கூட்டரின் பெல்ட், ரோலர் தேய்மானம் கொஞ்சம் தின்னும். வண்டி வைத்திருக்க வாங்கவேண்டிய 10 ஆண்டு வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) 9,000 வெள்ளி என்றால் அதுவே மாதம் 75. எந்த பைக் வாங்கினாலும் தப்பாது. 95 ஆக்டேன் பெட்ரோல் இருக்க, விலை கூடிய 98 ஊற்றுபவர்களைப் பார்த்தால்தான் சிரிப்பு வருகிறது. 2021 முதல் அதற்குத் தீர்வை மட்டும் லிட்டருக்கு 79 காசு, 95க்கு 66. இந்த எஞ்சின்களுக்கு 95 தாராளம்.

ஈசூன்காரன்:
35 வெள்ளியா! இந்தப் பக்கத்தை அவளிடம் காட்டப்போவதில்லை. பழைய பல்சர் வாங்கலாமா, அண்ணன்?

சங்கிலிச்சத்தம்:
சான்றிதழில் மிச்சமுள்ள ஆண்டுகளைப் பார்த்து விலை பேசுங்கள். மூன்று வயதைத் தாண்டிய பைக்குக்கு ஆண்டுதோறும் சோதனையும் உண்டு.